வெறுங்கையோடு வந்தவள்

என்னைப் பார்க்க வந்த அத்தனை பேரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நினைச்சுக்கோ." சொல்லிவிட்டு, கொண்டுவந்த மலைப்பழத்தைக் கட்டில் தலைமாட்டில் வைப்பார்கள். மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய என் இடது காலை ஒரு தரம் பார்ப்பார்கள். பிறகு என் மாமியாரிடம் காப்பி வாங்கிக் குடித்துக்கொண்டே, குற்றாலத்தில் இந்த வருஷம் சாரல் எப்படி, அருவியில் கூட்டம் எப்படி என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

தலைப்பாகை என்று அவர்கள் சொன்னது பார்சலை.

பார்சல் எங்கள் நாய். கல்யாணமான முதல் வருஷம் என் கணவர் செங்கோட்டையிலிருந்து ஒரு பனையோலைக் கூடையில் வைத்து அதைக் கொண்டுவந்தார். அங்கே சுங்கச் சாவடியில் திருவிதாங்கூர்ச் சேவகன் கூடையில் என்ன என்று கேட்க, இவர் "பார்சல்" என்றாராம். அந்த நேரம் பார்த்துக் கூடை முனகியிருக்கிறது. சேவகன் சிரித்துவிட்டுப் போகச் சொன்னான். அன்றைக்கு வைத்த பெயர். செம்பட்டை நிறம், ஒரு காது மட்டும் நிமிர்ந்திருக்கும். புது வீட்டில் பேச ஆள் இல்லாமல் நான் அழுத நாட்களில் என் சேலைத் தலைப்பின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எழுந்து போக விடாது. மூன்று வருஷம் அது இல்லாமல் நான் கிணற்றடிக்குக்கூடப் போனதில்லை.

அது செத்ததை யாரும் ஒரு சாவாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

நடந்தது இதுதான். என் கணவரின் அண்ணன் நமசிவாயம், எனக்குப் பெரியத்தான், அந்த ஆனி மாதம் ஒரு பழைய மோட்டார் கார் வாங்கியிருந்தார். சீசனுக்கு வருகிறவர்களை ரயிலடியிலிருந்து குற்றாலத்துக்கு ஏற்றிப் போவதாக யோசனை. என் மாமியார் முப்பிடாதியம்மாள் அருவிக் குளியலுக்காகக் குற்றாலத்தில் பத்து நாள் தங்கியிருந்தார். அவருக்கு வேண்டிய சாமான்களைக் கொடுத்துவிட்டு நான் தென்காசிக்குத் திரும்ப வேண்டும். வண்டியில் பின்னால் நானும் என் காலடியில் பார்சலும். இலஞ்சிப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்க்கும் என் கணவரையும் ஏற்றிக்கொள்ளலாம் என்று இலஞ்சி வழியாகப் போனோம்.

தூறல் போட்டு ரோடு நனைந்து கிடந்தது. முன்னால் ஒரு பஸ் போனது. அதை முந்தியே தீருவது என்று பெரியத்தானுக்கு ஒரு வெறி. நான் "மெல்லப் போங்க பெரியத்தான்" என்றேன். அவர் சிரித்தார். இரண்டாம் தரம் சத்தமாகவே சொன்னேன். மூன்றாம் தரம் கத்தினேன். வண்டி வழுக்கிச் சாலையோரப் புளியமரத்தில் மோதியது.

நான் தூக்கியெறியப்பட்டு மண்ணில் கிடந்தேன். கால் என்னுடையதாகவே இல்லை. எட்டும் தூரத்தில் பார்சல் கிடந்தது. அதன் நிமிர்ந்த காது ஒரு தரம் அசைந்தது. அப்புறம் அசையவில்லை. எனக்கு நினைவு தப்புவதற்கு முன்னால் கடைசியாகக் கண்டது பெரியத்தானை. அவர் எஞ்சின் மூடியைத் தூக்கி உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. எலும்பு கட்டுகிற வல்லிநாயகம் வைத்தியர் உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் குழைத்துப் பூசி, பத்தை வைத்துக் கட்டினார். அவர் கட்டும்போது நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது என்று பிற்பாடு தெருவில் வேடிக்கையாகப் பேசிக்கொண்டார்கள். வைத்தியர் போகும்போது என் கணவரைக் கூப்பிட்டு, எலும்பு சேர்ந்துவிடும், ஆனால் ஒரு விரல்கடை குறையும், அம்மா கொஞ்சம் சாய்ந்துதான் நடப்பார்கள் என்று சொன்னார். நடையில் நின்று சொன்னார். எனக்குக் காது முறியவில்லையே, கேட்டது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. இனி ஆயுள் முழுவதும் சாய்ந்து நடக்க வேண்டும். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச வாயெடுத்தால், "உயிர் பிழைச்சதே பெரிசு, காலு என்ன காலு" என்பார்கள். பார்சலைப் பற்றிப் பேச வாயெடுத்தால், "உயிர் பிழைச்சதே பெரிசு, நாய் என்ன நாய்" என்பார்கள். எனக்கு வாய்த்த உயிரை வைத்தே என் வாயை அடைத்தார்கள்.

என் மாமியார் நல்லவர். அதைச் சொல்லியாக வேண்டும். குளியலை விட்டுவிட்டு அன்றே ஓடிவந்து, தொட்டுத் தூக்கி, மலஜலம் எடுத்து, என்னைப் பெற்றவளாக இருந்து பார்த்தார். ஆனால் அவருக்கு ஒரு ஜோசியர் உண்டு. என் ஜாதகத்தைக் கொண்டுபோய்க் காட்டியதில், இந்த ஆனியில் எனக்கு உயிர்க்கண்டம் என்றும், வீட்டில் வளர்ந்த வாயில்லாத ஜீவன் அதை வாங்கிக்கொண்டு போய்விட்டது என்றும் அவர் சொல்லிவிட்டார். மாமியார் திரும்பி வரும்போது முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

எவ்வளவு சவுகரியமான சாவு பாருங்கள். ஜோசியருக்குச் சொன்னது பலித்தது. மாமியாருக்கு மருமகள் தப்பினாள். பெரியத்தானுக்கோ எல்லாரையும்விடச் சவுகரியம். கண்டம் என்றால் அது வந்தே தீரும். அதற்கு அவர் ஓட்டிய வேகம் எப்படிப் பொறுப்பாகும்? "நான் மெல்லத்தான் வந்தேன், விதி வண்டியைத் தள்ளிச்சு" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் அந்த மூன்று தரம் நான் கத்தியது காதிலேயே இருந்தது.

என் கணவர் ஆவுடைநாயகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக வீட்டுக்கு வந்து எனக்குத் தலை சீவி விடுவார். பின்னலை இடப்பக்கம் ஆரம்பித்து வலப்பக்கம் கொண்டுபோய் முடிப்பார். ஒருநாள் அதைப் பார்த்த என் மாமியார், "ஏட்டி, இது என்ன சடையா, வடக்கயிறா" என்று கேட்டார். என் கணவர் சோறு பிசைந்து ஊட்டும்போது ஒவ்வொரு உருண்டைக்கும் பள்ளிக்கூடத்துக் கதை ஒன்று சொல்வார். மூலையில் கிடந்த பார்சலின் தகரத் தட்டை மட்டும் அவர் கண் தாண்டிப் போகும்.

மூன்றாம் நாள் அவரிடம் சொன்னேன். வேகத்தைச் சொன்னேன். எஞ்சின் மூடியையும் சொன்னேன். அவர், அடிபட்ட மயக்கத்தில் எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம் என்றார். அண்ணன்தானே வண்டி பிடித்து வீடுவரை கூட்டிவந்தார் என்றும் சொன்னார். தகப்பன் இல்லாத வீட்டில் அந்த அண்ணன்தான் அவரைப் படிக்க வைத்தவர். அது எனக்குத் தெரியும். தெரிந்ததனால் கோபம் குறைந்துவிடவில்லை. அன்றிலிருந்து அவர் ஊட்டிய சோற்றைச் சாப்பிட்டேன். கதைகளுக்கு 'உம்' கொட்டுவதை நிறுத்திவிட்டேன்.

ஆடி பிறந்தது. இரண்டாம் செவ்வாய்க்கிழமை முப்பிடாதி அம்மன் கோயிலில் கண்டம் கழிந்ததற்குப் பொங்கல் என்று மாமியார் முடிவு செய்தார். என்னை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போவார்கள். நான் விழுந்து கும்பிட முடியாவிட்டாலும் கை கூப்பி, என் உயிருக்கு மாற்று உயிர் வாங்கிக்கொண்டதற்கு அம்மனுக்கு நன்றி சொல்ல வேண்டும். அத்தோடு, என்னை உயிரோடு கொண்டுவந்து சேர்த்த பெரியத்தானுக்கு அம்மன் சந்நிதியில் தலையில் பரிவட்டம் கட்டி மரியாதை செய்வார்கள். இதை மாமியார் எனக்கு வெகு சந்தோஷமாகச் சொன்னார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்க நினைத்தேன். கால் விடவில்லை. கோபத்தில் திரும்பிப் படுக்கக்கூட இன்னொருவர் கை வேண்டியிருந்தது.

அதற்கு முந்தின வாரம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த அம்மாள் வந்தாள்.

நாற்பது வயதிருக்கும். வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்தியிருந்தாள். நடந்தே வந்திருக்கிறாள், பாதமெல்லாம் சேறு. மாமியார் யார் என்று கேட்டதற்கு, இலஞ்சி ரோட்டில் தறி போட்டிருக்கும் அப்துல் ஜப்பார் வீட்டுக்காரி, பெயர் ஹைருன் பீவி என்றாள். கையில் ஒன்றும் இல்லை. பழம் இல்லை, ரொட்டி இல்லை, ஒரு வெற்றிலைகூட இல்லை. மாமியார் காப்பி கொண்டுவருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று தலையை அசைத்தாள். என் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். என் காலைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த தகரத் தட்டைப் பார்த்தாள்.

மாமியார் சலித்துப்போய் அடுக்களைக்குப் போன பிறகுதான் வாய் திறந்தாள். குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. மண்ணில் கிடந்தபோது என் வாயில் தண்ணீர் விட்ட குரல் அது.

"நாங்க நாயைத் தொடமாட்டோம் தாயி. ஆனா அதை ரோட்டுல விட்டுட்டுப் போக மனசு கேக்கலை. சாக்குல சுத்தி எங்க தென்னைக்குக் கீழ பொதைச்சேன். மண்ணு போட்டு ஏழு தரம் கை கழுவுனேன். கழுவுதது எங்க முறை. குழி அதுக்கு உள்ள முறை. ரெண்டையும் செஞ்சேன்."

நான் அழுதேன். அடிபட்ட நாளிலிருந்து வலிக்காகக் கத்தியிருக்கிறேன். அழுதது அன்றைக்குத்தான். அவள் தேற்றவில்லை. "அழு" என்றுகூடச் சொல்லவில்லை. கூட உட்கார்ந்திருந்தாள்.

பிறகு மற்றதையும் சொன்னாள். வண்டியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னாலேயே நான் கத்தியது அவள் தறிக்குழிவரை கேட்டிருக்கிறது. ஓடிவந்தபோது பெரியத்தான் எஞ்சினைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போட்ட சத்தத்தில்தான் திரும்பினார். மாட்டுவண்டி அப்துல் ஜப்பார் பூட்டியது. பெரியத்தான் அதில் ஏறி உட்கார்ந்து வந்தார், அவ்வளவுதான்.

எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

மாமியார் அடுக்களையிலிருந்து வந்து, "யாரு பெத்த மகளோ. சீக்காளியைப் பாக்க கையை வீசிட்டு வாரா. போறப்போ போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்தை உண்டா" என்று முணுமுணுத்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் பக்கத்தில் துட்டி கேட்கப் போகிறவர்கள்தான் வெறுங்கையோடு போவார்கள். சாவு வீட்டில் உட்கார்ந்து துக்கத்தில் பங்கு கொண்டுவிட்டு, "போயிட்டு வாரேன்" என்று சொல்லாமல் எழுந்து வருவார்கள். திரும்ப இந்த வீட்டுக்கு இதற்காக வரக் கூடாது என்பதனால். எந்த மதத்துக்காரர் ஆனாலும் எங்கள் ஊரில் இதைத் தெரியாதவர்கள் இல்லை. அத்தனை பேரும் காலைப் பார்க்க வந்தார்கள், பழத்தோடு வந்தார்கள். இவள் ஒருத்தி மூன்று மைல் நடந்து, என் நாய்க்குத் துட்டி கேட்க வந்திருக்கிறாள்.

"அத்தை, அவ சீக்காளியைப் பாக்க வரலை" என்றேன். மாமியார் என்னைப் பார்த்தார். அவள் உட்கார்ந்திருந்த தரையைப் பார்த்தார்.

என் கணவரிடம் நான் எதையும் விவரிக்கவில்லை. நாளைக்குச் சனிக்கிழமை, இலஞ்சி ரோட்டில் அப்துல் ஜப்பார் வீட்டுக்குப் போய் அந்தத் தென்னையைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். போனார். மத்தியானம் திரும்பி வந்தவர் வேட்டி முழங்காலில் ஈரமண் ஒட்டியிருந்தது. கண் சிவந்திருந்தது. மூலையில் இருந்த தகரத் தட்டை எடுத்துக் கழுவித் துடைத்து, தன் புத்தக அலமாரியில் வைத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் சொன்னபோது நம்பாதது தப்பு என்றார். அதற்கு மேல் எனக்கு வேண்டியிருக்கவில்லை. அன்று சாயங்காலம் அவர் பின்னிய சடை முன்னைவிட மோசமாக இருந்தது. நான் அப்படியே விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை வீடு நிறைய உறவுக்காரர்கள். கூடத்தில் பொங்கல் பானைக்கு மஞ்சள் கட்டி வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் மூங்கில் கட்டிய நாற்காலி தயாராக இருந்தது. மாமியார் எனக்குப் புதுச் சேலை கொண்டுவந்தார்.

"நான் வரலை அத்தை" என்றேன். பொங்கல் சந்தோஷத்துக்கு வைப்பது, எனக்குச் சந்தோஷம் இல்லை, இல்லாததை அம்மன் முன்னால் போய் இருப்பதாகச் சொல்ல மாட்டேன் என்றேன். மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாமி குற்றம் ஆகிவிடும் என்று கெஞ்சினார்.

கூடத்திலிருந்து பெரியத்தானின் குரல் கேட்டது. பட்டு அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"ஏலே ஆவுடை, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் புத்தி சொல்லுத. வீட்டுல ஒரு பாடம் எடுக்கப்படாதா? ஒரு நாய்க்காவ உன் பொண்டாட்டி அம்மனையே பகைக்குதாளே."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். என் கணவர் என் கட்டிலருகே இருந்து எழுந்து வாசற்படிக்குப் போனார். அவர் அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அன்றும் குரலை உயர்த்தவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்குதேன். இவ காலைப் பாக்கும் முன்னாடி நீங்க எஞ்சினைப் பாத்தீங்களா?"

சிரிப்பு நின்றது. பெரியத்தான் யார் சொன்னது என்று கேட்டார். பார்த்தவர்கள் சொன்னார்கள் என்றார் இவர். வண்டி தீப்பிடித்துவிடுமோ என்று பார்த்தேன், அதில் என்ன குற்றம் என்றார் அவர்.

"தீப்பிடிக்கும்னு நினைச்சிருந்தா, பக்கத்துல கிடந்தவளை முதல்ல தூக்கியிருப்பீங்க."

பெரியத்தான் அங்கவஸ்திரத்தை இழுத்துவிட்டுக்கொண்டார். என் கணவர் தொடர்ந்து, மூன்று தரம் கத்தியிருக்கிறாள் அண்ணே, மூன்று தரம் என்றார். இவளுக்குக் கால் குறைந்தது விதியால் இல்லை, பார்சல் செத்தது கண்டத்தால் இல்லை, ஒரு பஸ்ஸை முந்துவதற்காக என்றார். பரிவட்டம் கட்டுவதாக இருந்தால் அப்துல் ஜப்பாரைக் கூப்பிட்டு வந்து கட்டுங்கள் என்றும் சொன்னார். உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கதவைச் சாத்திய கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். படிக்க வைத்த அண்ணன் அல்லவா. நான் அந்தக் கையைப் பிடித்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.

பொங்கல் வைத்தார்கள். நேர்ந்ததை விட முடியாது என்று மாமியார் போனார். மத்தியானம் திரும்பி வந்து, என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, தானாகவே சொன்னார்: "பரிவட்டத்தை அம்மன் காலடியிலேயே வச்சிட்டு வந்துட்டேன். யாருக்கும் கட்டலை." அப்புறம் நான் உண்மையாகவே மூன்று தரம் கத்தினேனா என்று கேட்டார். ஆமாம் என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை பெரியத்தான் வந்தார். கார் ரிப்பேராகிவிட்டது, அதில்தான் வந்தார். சத்தம் கேட்டதும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். கையில் பெரிய கூடை. கமலா ஆரஞ்சும் திராட்சையும் மேலே ஒரு பிஸ்கோத்து டப்பாவும் தெரிந்தன. இதுவரை வந்த பழங்களிலேயே உயர்ந்த பழங்கள். அறை வாசலில் நின்று, "எப்படிம்மா இருக்கு காலு?" என்று கேட்டார்.

நான் அவரைப் பார்த்தேன். அந்தக் கூடையை வாங்கிக்கொண்டால் எல்லாம் முடிந்துவிடும். பழத்தைத் தின்று, தோலைத் தூரப் போட்டு, தலைப்பாகைக் கதையை மறுபடி ஆரம்பித்துவிடுவார்கள்.

"கூடையை வெளிய வச்சிட்டு வாங்க பெரியத்தான்" என்றேன். "வெறுங்கையோட வாங்க."

அவருக்கு விளங்குவதற்குச் சிறிது நேரம் ஆயிற்று. விளங்கியதும் முகம் கறுத்தது. தம்பியைப் பார்த்தார். என் கணவர் என் கட்டிலருகிலேயே நின்றார். அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அடுக்களை வாசலில் நின்ற மாமியார் தலையைத் திருப்பிக்கொண்டார். அவர் கூடையோடு வெளியே போனார். கார் கிளம்பும் சத்தத்துக்காக நான் காத்திருந்தேன். கிளம்பவில்லை.

திரும்பி வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கவிட்டிருந்தார். நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார். அலமாரியில் தகரத் தட்டு இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் மன்னிக்கவும் இல்லை. மன்னிப்பு அவர் கேட்கவும் இல்லை. ஆனால் பார்சல் செத்துப்போயிற்று என்பது அங்கே இருந்த நான்கு பேருக்கும் அப்போது தெரிந்திருந்தது.

எழுந்தார். பழக்கத்தில் "போயிட்டு..." என்று வாய் ஆரம்பித்தது. நிறுத்திக்கொண்டார். என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, சொல்லாமலே போனார். வண்டியை மெதுவாக எடுத்துக்கொண்டு போனார்.

கூடை வாசலிலேயே இருந்தது. ஒரு வாழைப்பழம் கறுத்தால்கூடப் பச்சடி பண்ணிவிடுகிற என் மாமியார் இரண்டு தரம் வாசலுக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார். உள்ளே எடுத்து வரவில்லை.